இரண்டு ஒப்பந்தங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வேலையின்மை உதவித்தொகை கோரலாமா?

கேள்வி – இளவேனில்

வணக்கம். ஏழு ஆண்டுகளாக ஒப்பந்த அடிப்படையில் மென்பொருள் சோதனைப் பணி செய்து வருகிறேன். பதினொரு மாதங்கள் நீடித்த ஒரு திட்டம் சென்ற வாரம் முடிந்தது. அடுத்த பணிக்கு வாய்மொழியாக ஒப்புதல் கிடைத்திருந்தாலும், அது தொடங்கப் பத்து வாரங்கள் ஆகும் என்கிறார்கள். கையிருப்பு அத்தனை நாளைக்குத் தாங்காது என்பதால் வேலையின்மை உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைத் திறந்தேன். 'கடைசியாகப் பணிபுரிந்த முதலாளியின் பெயர்' என்ற கட்டம் வந்ததும் கை நின்றுவிட்டது. முதலில் என் பெயரையே எழுதி அழித்தேன். பிறகு வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரை எழுதி, அதையும் அழித்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டேன்.

சுயதொழில் செய்பவருக்கு இந்தத் தொகையில் உரிமை உண்டா? அமெரிக்காவில் உள்ள என் நண்பர் ஒருவர், என்னைப் போலவே ஒப்பந்தப் பணியாளர், 2020-இல் பல மாதங்கள் அதைப் பெற்றார். இடையில் ஓரிரு சிறு வேலைகள் வந்தால் என்ன செய்வது? பல நாடுகளில் வாழ்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அவரவர் நாட்டு விதியோடு அதன் அடிப்படையையும் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி – கணக்கர்

பெரும்பாலான நாடுகளில் இது ஒரு காப்பீடு. வேலை இல்லை என்பதற்காக மட்டும் அதை யாரும் கொடுப்பதில்லை; உங்கள் பெயரில் நிதிக்குப் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

நான் அமெரிக்காவில் வரிக் கணக்குப் பணியில் இருப்பதால் அந்த நாட்டு முறையைச் சொல்கிறேன். அங்கே ஊழியர் ஒவ்வொருவருக்கும் அவரது ஆண்டுச் சம்பளத்தின் முதல் 7,000 டாலர் மீது வேலையின்மை நிதிக்காக 6 சதவீதக் கூட்டரசு வரியை முதலாளி செலுத்த வேண்டும். மாநில வரியை ஒழுங்காகச் செலுத்தியவருக்கு அதில் 5.4 சதவீதம் வரை கழிவு உண்டு. ஊழியரிடம் பிடித்தம் செய்யும் மாநிலங்கள் மிகச் சிலவே. டபிள்யூ-2 படிவம் (ஊழியருக்கு முதலாளி தரும் ஆண்டு ஊதியச் சான்று) பெறுபவருக்காக இந்த வரி கட்டப்படுகிறது. 1099 படிவம் பெறும் ஒப்பந்தப் பணியாளருக்காக யாரும் கட்டுவதில்லை. ஆகவே அவர் விண்ணப்பித்தால் பதிவேட்டில் ஊதியம் எதுவும் இல்லை என்ற பதிலே வழக்கமாக வரும்.

உங்கள் நண்பர் பெற்றது தனி ஏற்பாடு. 2020 மார்ச்சில் நிறைவேறிய கேர்ஸ் என்ற கொரோனா கால நிவாரணச் சட்டத்தின்கீழ், சுயதொழில் செய்பவர்களுக்கும் தற்காலிக உதவி வழங்கப்பட்டது. 2021 செப்டம்பர் 6-ஆம் தேதியோடு அது முடிந்துவிட்டது. அதை நினைவில் வைத்து இன்றும் விண்ணப்பித்து ஏமாறுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தகுதியைக் கணக்கிடும்போது, நிறைவடைந்த கடைசி ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கில் பெற்ற ஊதியத்தையே வழக்கமாகப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் சில மாதங்களாவது நீங்கள் யாருடைய சம்பளப் பட்டியலிலாவது இருந்திருந்தால், அதன் பிறகு ஒப்பந்தப் பணியாளராக மாறியிருந்தாலும், அந்த ஊதியம் உங்களுக்குக் கைகொடுக்கக்கூடும்.

மறுமொழி – தேன்மொழி

கணக்கர் சொன்னது சரி. அதற்கு முன்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. நீங்கள் உண்மையிலேயே சுயதொழில் செய்பவர்தானா?

நான் ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் 'ஒப்பந்தப் பணியாளராக' இருந்தேன். மாதந்தோறும் இன்வாய்ஸ் அனுப்பச் சொல்வார்கள். ஆனால் காலை ஒன்பது மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், மடிக்கணினி அவர்களுடையது, ஒரு நாள் விடுப்புக்கும் மேலாளரின் அனுமதி தேவை, வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. திடீரென்று நிறுத்தியபோது, கிடைக்காது என்று பலர் சொல்லியும் விண்ணப்பித்தேன். ஊதியப் பதிவு இல்லை என்று முதலில் மறுத்தார்கள். மேல்முறையீட்டில், விடுப்பு கேட்டு நான் எழுதிய மின்னஞ்சல்களையும், வருகை நேரத்தைக் குறித்து மேலாளர் அனுப்பிய கண்டிப்பான குறிப்புகளையும் தேதிவாரியாக அடுக்கி இணைத்தேன். விசாரணைக்குப் பின் நான் ஊழியர்தான் என்று முடிவானது. நிலுவைத் தொகையும் வந்தது.

கலிபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஒருவரைச் சுயதொழில் செய்பவர் என்று சொல்ல, வேலை வாங்குபவர் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: வேலை செய்யும் விதத்தைத் தாம் கட்டுப்படுத்துவதில்லை, அந்த வேலை நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்குப் புறம்பானது, செய்பவர் அதே துறையில் சொந்தமாகத் தொழில் நடத்துபவர். சில தொழில்களுக்கு விலக்கு உண்டு. ஒப்பந்தத் தாளின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது முடிவான சான்று ஆகாது. பலர் இதை அறியாமலேயே தம் உரிமையை விட்டுவிடுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மறுமொழி – வடகரை

பிரிட்டனில் இதே கேள்விக்கு விடை, நீங்கள் எந்த வகைத் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு செலுத்தினீர்கள் என்பதைப் பொறுத்தது. 'நியூ ஸ்டைல்' ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ் என்ற அந்நாட்டு வேலையின்மை உதவித்தொகையைப் பெற, முந்தைய இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஊழியராக முதல் வகுப்புப் பங்களிப்பு செலுத்தியிருக்க வேண்டும். தனிநபராகத் தொழில் செய்பவரின் இரண்டாம் வகுப்புப் பங்களிப்பு பொதுவாக இதற்குக் கணக்கில் வராது. பிடித்த மீனின் வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளும் மீனவர்கள் போன்ற சிலருக்கே விதிவிலக்கு.

ஆனால் சொந்த லிமிடெட் நிறுவனம் வைத்து, அதிலிருந்து தமக்கே சம்பளம் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தப் பணியாளர்கள் அங்கே ஏராளம். சம்பளம் குறைந்தபட்ச வரம்புக்கு மேல் இருந்தால் அது முதல் வகுப்பில் சேரும் என்பதால், அவர்கள் தகுதி பெற வாய்ப்பு உண்டு. டிவிடெண்டாக, அதாவது லாபப் பங்காக, எடுத்த பணத்துக்கு இது பொருந்தாது. தகுதி இருந்தால் 182 நாட்கள் வரை கிடைக்கும். சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். வாரத்துக்கு 16 மணி நேரத்துக்கும் குறைவாகவே வேலை செய்ய வேண்டும், வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும்.

மறுமொழி – எழில்வாணன்

சுயதொழில் செய்பவர்கள் விரும்பினால் வேலையின்மைக் காப்பீட்டில் சேரலாம் என்ற முறை ஜெர்மனியில் இருக்கிறது. அதற்கு, தொழில் தொடங்குவதற்கு முந்தைய 30 மாதங்களில் 12 மாதங்களாவது கட்டாயக் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. தொடங்கிய மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். தவறவிட்டால் வாய்ப்பு போய்விடும். அதைவிட முக்கியமாக, சுயதொழிலை இருமுறை இடைநிறுத்தி உதவித்தொகை பெற்றவர் மீண்டும் இந்தக் காப்பீட்டில் சேர முடியாது. ஒவ்வோர் ஒப்பந்த இடைவெளியிலும் கைநீட்ட இந்த ஏற்பாடு உதவாது என்பதை, மாதந்தோறும் பணம் கட்டத் தொடங்கும் முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

கனடாவில் உள்ளவர்கள் கவனிக்க: சுயதொழில் செய்பவர்கள் தாமாகச் சேரக்கூடிய வேலைக் காப்பீட்டுத் திட்டம் மகப்பேறு, நோய், குடும்பத்தாரைப் பராமரித்தல் போன்றவற்றுக்கே உரியது. வேலை இல்லாத நாட்களுக்கு அதில் எதுவும் கிடைக்காது.

மறுமொழி – இளவேனில்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்கர் எழுதியதைப் படித்ததும் பழைய கோப்பைத் தேடினேன். சென்ற திட்டத்தில் முதல் ஐந்து மாதங்கள் ஓர் ஆள்சேர்ப்பு முகவர் வழியாகச் சம்பளம் வந்திருக்கிறது. சீட்டில் வரிப் பிடித்தமும் காப்பீட்டுப் பிடித்தமும் தெளிவாக உள்ளன. ஆறாம் மாதம் முதல்தான் இன்வாய்ஸ் முறைக்கு மாற்றினார்கள். இது எனக்கு உதவுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும்: கடைசி இன்வாய்ஸுக்கான பணம் அடுத்த மாதம்தான் வரும். அதையும் தெரிவிக்க வேண்டுமா?

மறுமொழி – கணக்கர்

உதவக்கூடும். அந்த ஐந்து சீட்டுகளையும் இணைத்து, முதலாளி என்ற கட்டத்தில் முகவரின் பெயரை எழுதுங்கள்; பிந்தைய மாதங்களைச் சுயதொழில் என்று தனியாகக் குறிப்பிடுங்கள். எதையும் மறைக்க வேண்டாம்.

பணம் வந்த நாளா, வேலை செய்த நாளா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அமெரிக்காவில் ஊதியத்தைப் பொதுவாக வேலை செய்த வாரத்தில் காட்ட வேண்டும். பிரிட்டனில் வருமானம் குறைந்தவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையில் சுயதொழில் வருவாயைக் கைக்கு வந்த மாதத்தில் காட்ட வேண்டும். எனவே அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். சிறு வேலைகள் வந்தால் அந்தந்த வாரத்திலேயே மணி நேரத்தையும் தொகையையும் தெரிவியுங்கள்; உதவித்தொகை சற்றுக் குறையலாம், ஆனால் பின்னாளில் வரிக் கணக்கோடு ஒப்பிட்டு அபராதத்தோடு திருப்பிக் கேட்கும் நிலை வராது. பத்து வாரங்களில் தொடங்கும் பணியைப் பற்றிக் கேட்டால் அதையும் உள்ளபடியே சொல்லுங்கள். விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். பல இடங்களில் விண்ணப்பித்த வாரத்துக்கு முந்தைய நாட்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.