குண்டூசி ரகசியத்தை உடைக்காமல் பேச வைப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பது வயது முதல் பன்னிரண்டு வரையுள்ள எட்டுப் பிள்ளைகள் கதைப் புத்தகம் பற்றிப் பேசக் கூடுகிறார்கள். இந்த மாதம் துப்பறியும் கதைகள். அதில்தான் சிக்கல்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சூப்பர்" என்பதோடு சரி. கொஞ்சம் தூண்டினால் நேரே திருடனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்! எரிக் கேஸ்ட்னர் 1929-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய எமில் என்ற சிறுவனின் கதையில், ரயிலில் திருடுபோன பண நோட்டுகளில் இருக்கும் குண்டூசித் துளைகள்தான் திருடனை மாட்டிவிடும். ஒரு பையன் அதை முதல் நிமிடமே போட்டு உடைத்தான். பாதி படித்திருந்த பெண் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். (இப்போது நானும் உடைத்துவிட்டேன், மன்னிக்கவும்.)

முடிவைச் சொல்லாமல், ஆனால் மனதில் பட்டதைச் சொல்ல வைக்க என்ன கேட்கலாம்? "எந்த இடத்தில் யார் மேல் சந்தேகம் வந்தது?" என்பது ஓரளவு வேலை செய்தது. அதற்கு மேல் எனக்குத் தோன்றவில்லை. பள்ளியிலோ நூலகத்திலோ இப்படி நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன். அப்புறம், பேய் இல்லாத, எளிதாகக் கடையில் கிடைக்கும் தமிழ் சாகசக் கதைகள் இருந்தாலும் சொல்லுங்கள். பேய் என்றால் கடைக்குட்டி இரவில் தூங்க மாட்டான்.