‘மீள்திரிபுக் காயம்’: மாற்றுச் சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே அசைவை நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்வதால் விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் ஆகியவற்றில் உண்டாகும் கேட்டிற்கு (ஆங்கிலத்தில் Repetitive Strain Injury) ‘மீள்திரிபுக் காயம்’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. இச்சொல்லின் மூன்று பகுதிகளும் எனக்கு இடறுகின்றன. ‘திரிபு’ என்பது இயற்பியல் பாடநூலில் பொருளின் உருமாற்ற அளவு. உறுப்பின்மேல் விழும் பளுவை அது உணர்த்தாது. ‘காயம்’ என்றதும் வாசகர் இரத்தத்தைத் தேடுவார். ‘மீள்’ என்பதோ, ஆறிய புண் திரும்ப வந்ததாக எண்ண வைக்கும். மாற்றாக ‘உளைச்சல்’ எனலாமா என்றால், அது அருமையான சொல்தான், ஆனால் அது நோவின் பெயரே தவிரக் கேட்டின் பெயரன்று. இன்று மனத்தோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உள்ளே நடப்பதைப் பார்த்துப் பெயரிடுவோம். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் என்பது கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள் சேர்ந்த கயிறு போன்றது. உழைப்பின்போது அதில் விழும் நுண்கிழிசல்களை உடல் ஓய்வு நேரத்தில் சீர்செய்துகொள்கிறது. அந்த இடைவெளி கிடைக்காதபோது இழைகள் ஒழுங்கு குலைந்து வலுவிழக்கின்றன. நாட்பட்ட நிலையில் அழற்சியைவிட இச்சிதைவே மேலோங்கி நிற்பதால், ‘அழற்சி’ என்று முடியும் பெயரும் சரிவராது.

தென்காசிப் பக்கத்தில் பல்லாண்டுகள் பீடி சுற்றிய என் பெரியம்மா, இலை நறுக்கும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, வலக்கைப் பெருவிரலின் அடியை இடக்கையால் அழுத்திப் பிடித்தபடி, “கை நைஞ்சு போச்சுடா” என்பார். அடித்துத் துவைத்த துணி கிழியாமலே இழை விட்டுப்போவதைச் சொல்லும் அதே வினை. தசைநாணுக்கு நேர்வதும் அதுவே. ஆகவே ‘நைவு’ என்பதை அடிச்சொல்லாகக் கொண்டு, ‘ஓயா இயக்க நைவு’ என்று நான் முன்மொழிகிறேன்.

‘ஓயா’ என்ற அடைக்கும் காரணம் உண்டு. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாட்சினி 1713இல் எழுத்தர்களின் நோய்களை ஆராய்ந்தபோது, இடைவிடாத உட்கார்வு, ஒரே திசையில் கை ஓயாது அசைதல், மன இறுக்கம் ஆகிய மூன்றையும் காரணங்களாகக் கூறினார். திரும்பச் செய்வதைக் காட்டிலும் ஓயாமல் செய்வதுதான் கேடு.

ஒரு தடையை மறைக்க விரும்பவில்லை. மணிக்கட்டுக் குகை எனப்படும் மணிக்கட்டின் குறுகிய வழிக்குள் ஒன்பது தசைநாண்களோடு, கைக்குச் செல்லும் நடுநரம்பும் செல்கிறது. அங்கே நாண்களின் உறை தடித்து நரம்பு நசுங்குவதை ‘நைவு’ என்பது முழுதும் தழுவாது. அதற்கு ‘நரம்பு நெரிவு’ என்று தனிச்சொல் வைக்கலாம். மற்றபடி, ‘ஓயாவியக்க’ என்று புணர்த்தினால் ‘வியக்க’ என்று கண் தடுக்கும், பிரித்தே எழுதுவோம்.