மென்மூடியின் ஒட்சியேற்றம்: சூரியனிலிருந்து தூரமா, கோளின் பருமனா?

வெள்ளவத்தையான்:
மருமகனின் உயர்தர வகுப்புக் குறிப்பில் ஒரு வரி: சூரியனிலிருந்து தள்ளிப் போகப் போகக் கோளின் மென்மூடி (மேலோட்டுக்கும் கருவுக்கும் இடைப்பட்ட பாறைப் படை) கூடுதலாக ஒட்சியேறியிருக்குமாம். எனக்குச் சரியென்றே படுகிறது. 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசெஞ்சர் விண்கலம், அங்கே மேற்பரப்பில் இரும்பு சராசரியாக 2 சதவீதத்துக்கும் குறைவு, கந்தகம் 4 சதவீதம் வரை என்று கண்டது. ஒட்சிசன் தட்டுப்பாடு இருந்தால்தான் இரும்பு உலோகமாகவே நின்று கருவுக்குள் இறங்கும், கந்தகமும் பாறைக் குழம்பில் தாராளமாகக் கரையும். பூமியின் மென்மூடியில் இரும்பு ஒட்சைட்டு ஏறக்குறைய 8 சதவீதம். செவ்வாயில் 14க்கும் 18க்கும் இடையில் சொல்கிறார்கள். வரிசை தெளிவு.

பொரளைக் கல்லன்:
சந்திரனை எந்த வரிசையில் வைப்பீர்கள் அண்ணே? நமக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அப்பல்லோ கொண்டுவந்த பசால்ட்டை மெல்லிய சீவலாக்கி நுணுக்குக்காட்டியில் வைத்தால் உலோக இரும்புத் துணிக்கைகள் அப்படியே தெரியும். பெரிக் இரும்பு, அதாவது கூடுதலாக ஒட்சியேறிய இரும்பு, கிட்டத்தட்ட இல்லை. வெஸ்டா என்ற சிறுகோள் செவ்வாய்க்கும் அப்பால். அதன் எரிமலைப் பாறைகளான யூக்கிரைட் விண்கற்களோ இரும்பும் அதன் ஒட்சைட்டான வுஸ்டைட்டும் சமநிலையில் நிற்கும் ஒட்சிசன் அளவுக் கோட்டுக்குக் கீழே. இரண்டும் சின்ன உருண்டைகள். விஷயம் அதில்தான் இருக்கிறது.

கொட்டாஞ்சேனைக் குரல்:
செவ்வாய் பார்க்கவே சிவப்பு. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பொரளைக் கல்லன்:
அது மேல்தோல் தம்பி. மரைன் டிரைவ் வீட்டு யன்னல் கம்பி கடற்காற்றில் துருப்பிடிப்பதை வைத்து, கம்பி வார்த்த உலையைப் பற்றிப் பேச முடியுமா? செவ்வாயின் உள்ளே என்ன என்று அங்கிருந்து வந்த சேர்கொட்டைட் விண்கற்களைக் கேளுங்கள். அவற்றில் சில அந்த இரும்பு-வுஸ்டைட் கோட்டை ஒட்டியே இருக்கின்றன. பூமியின் மேல் மென்மூடி 3, 4 படி மேலே. ஒரு படி என்றால் ஒட்சிசன் அழுத்தத்தில் 10 மடங்கு.

வெள்ளவத்தையான்:
இரும்பு ஒட்சைட்டு கூட, ஆனால் ஒட்சியேற்றம் குறைவா? முரணாக இல்லையா?

பொரளைக் கல்லன்:
கணக்கு வேறு. மொத்த இரும்பு ஒட்சைட்டு, கரு பிரிந்தபோது உள்ளே போகாமல் தங்கியது. மேலே சொன்ன படிகளோ பெரிக்குக்கும், குறைவாக ஒட்சியேறிய பெரசு இரும்புக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தவை. பூமியில் 660 கிலோமீற்றருக்குக் கீழே பிரிட்ச்மனைட் என்ற கனிமம் உருவாகிறது. வெளியிலிருந்து ஒட்சிசன் வராவிட்டாலும் அது பெரிக் இரும்பைத்தான் கேட்கும். அதனால் 3 பெரசு அணுக்கள் 2 பெரிக்காகவும் 1 உலோகமாகவும் பிரிகின்றன. உலோகம் கருவுக்கு வழிந்துவிட்டால் மீதி மென்மூடி ஒட்சியேறியதுதான். செவ்வாயில் இறங்கிய இன்சைட் விண்கலத்தின் அதிர்வுப் பதிவுகள் செவ்வாயின் கரு பெரிது என்று 2021இல் காட்டின. அப்படியானால் மென்மூடி ஆழம் குறைவு; அதன் அடியிலும் பிரிட்ச்மனைட் உருவாக அழுத்தம் போதாது.

பேராதனைப் பழசு:
இடையில் ஒன்று. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சேர்க்கன் என்ற பழங்காலக் கனிமத் துணிக்கைகளில், ஒட்சியேற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் சீரியம் என்ற தனிமத்தைப் பார்த்தால், ஏறக்குறைய 435 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் குழம்பு இன்றைய அளவுக்கு ஒட்சியேறியிருந்தது. கோள் உருவான சூட்டோடு நடந்த வேலை. கல்லன் சொல்வதற்குப் பொருந்துகிறது.

வெள்ளவத்தையான்:
பொருந்தட்டும். ஆனால் சேர்கொட்டைட்டுகளுக்குள்ளேயே பல படி வித்தியாசம் இருக்கிறது. ஒரே கோள், ஒரே பருமன்! அதை எப்படி விளக்குவீர்கள்? மொத்த இரும்பும் கட்டுமானப் பொருளோடு வந்த சொத்துத்தானே. குறிப்பில் பாதியாவது தேறும்.

பொரளைக் கல்லன்:
மேலெழும்போது குழம்பு கோளின் மேலோட்டைக் கரைத்துக்கொள்ளும், வாயுவை இழக்கும். அந்தச் சிதறலில் ஒரு பங்கு அப்படி வந்திருக்கலாம். முழுவதும் என்று நானும் அடித்துச் சொல்லவில்லை. நல்ல பரீட்சை வெள்ளிதான்: பருமன் பூமியை ஒட்டியது, சூரியனுக்கோ நம்மைவிடக் கிட்ட. தூரம்தான் காரணமென்றால் அதன் பசால்ட்டில் பெரிக் குறைய வேண்டும்.

வெள்ளவத்தையான்:
1982இல் சோவியத் விண்கலங்களான வெனேரா 13, 14 வெள்ளியில் இறங்கி இரும்பு ஒட்சைட்டு ஏறக்குறைய 9 சதவீதம் என்று அளந்தனவே.

பொரளைக் கல்லன்:
அது எக்ஸ் கதிர்க் கருவி அண்ணே. மொத்த இரும்பைத்தான் காட்டும். பெரிக் எவ்வளவு, பெரசு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாது.