இரசவாத உலகம் ஒன்றுக்குச் சொற்கள் தேவை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நெடுங்கதையாளர்

அனைவருக்கும் வணக்கம். நிலக்கரியும் மின்சாரமும் அறியப்படாமல் இரசவாதம் ஒன்றே தொழில்நுட்பமாக வளர்ந்துவிட்ட கற்பனை உலகம் ஒன்றைப் பற்றி இரண்டு ஆண்டுகளாக நாவல் எழுதி வருகிறேன். அந்த உலகில் ஓர் உலோகம் இன்னோர் உலோகமாக மாறும்போது வெளிப்படும் வெம்மைதான் தெருவிளக்கை எரிக்கிறது, வண்டியை ஓட்டுகிறது, ஆற்று நீரை மேட்டுக்கு ஏற்றுகிறது. கதையும் மாந்தர்களும் ஓரளவுக்குக் கைக்கு வந்துவிட்டார்கள். சொற்கள் மட்டும் வரவில்லை.

முதல் வரைவில் இப்படி ஒரு வரி இருந்தது: “அவள் இரசவாத விளக்கை ஏற்றிவிட்டு, இரசவாத இயந்திரத்தின் ஆற்றல் சேமிப்புக் கலனைச் சரிபார்த்தாள்.” படித்த தோழி, இது அலுவலகச் சுற்றறிக்கை போல் இருக்கிறது என்றார், அவர் சொன்னது சரிதான். இரண்டாம் வரைவில் ‘க்ரால்’, ‘ஸோரியம்’ என்று பொருளற்ற ஒலிகளைக் கோத்துப் பெயர் வைத்தேன். மாந்தர்கள் தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெயர்கள் மட்டும் மொழிமாற்றப் படத்திலிருந்து தவறி விழுந்தவை போல நின்றன. மூன்றாவதாகத் தனித்தமிழில் ‘மாழைமாற்று ஊர்தி’ என்று எழுதிப் பார்த்தேன். மாழை என்றால் உலோகம் என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியதாயிற்று.

குறிப்பேட்டில் இப்போது நூற்று நாற்பது சொற்கள் இருக்கின்றன. அவற்றில் பத்தின் மீதுகூட எனக்கு நம்பிக்கை இல்லை. இத்தகைய உலகுக்குச் சொற்களை எங்கிருந்து எடுப்பது, எத்தனை சொற்கள் போதும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: சொல்லேர்

உங்கள் வரியில் சிக்கல் ‘இரசவாதம்’ என்ற சொல்லில் இல்லை. அதை அடைமொழியாக வைத்ததில்தான் இருக்கிறது. நாம் வீட்டில் ‘விளக்கைப் போடு’ என்கிறோமே தவிர, ‘மின்விளக்கைப் போடு’ என்பதில்லை. எது வழக்கமோ அதற்கு அடைமொழி தேவைப்படுவதில்லை. வழக்கத்துக்கு மாறானதுதான் அடைமொழியைச் சுமக்கிறது. ஆகவே உங்கள் நாயகி ஏற்றுவது வெறும் விளக்காக இருக்கட்டும். மலைக்கு அப்பால் ஏழை ஊர் ஒன்றில் அவள் முதன்முறையாகக் காணும் விளக்கு ‘எண்ணெய் விளக்கு’ என்று அழைக்கப்படட்டும். ஒரு பக்க விளக்கம் செய்யாத வேலையை அந்த ஒரு சொல் செய்துவிடும்.

அப்படியும் சில இடங்களில் பொதுவான முன்னொட்டு ஒன்று வேண்டியிருக்கும். ‘மின்’ எப்படி வேலை செய்கிறது என்று கவனியுங்கள். ஒளிர்தலைக் குறித்த பழைய வேர் அது, ஓரசை, எந்தப் பெயரோடும் ஒட்டிக்கொள்கிறது. மின்விசிறி, மின்கலம், மின்தூக்கி என்று அடுத்தடுத்து வந்தாலும் நாக்கு தடுக்குவதில்லை. உங்கள் உலகுக்கும் அப்படி ஒரு குறுஞ்சொல் தேவை. ‘ரசம்’ என்றால் வாசகர் சமையலறைக்குப் போய்விடுவார். பாதரசத்தின் இன்னொரு பெயரான ‘சூதம்’ சூதாட்டத்தை நினைவூட்டும். ‘வாதம்’ என்றாலோ வழக்காடுதலும் மூட்டுவலியும் முன்னால் வந்து நிற்கும். எனக்குத் தோன்றுவது ‘வேதை’. ஒன்றை இன்னொன்றாக மாற்றும் வினைக்குச் சித்தர் மரபில் வழங்கும் சொல் அது. தொட்டதைப் பொன்னாக்கும் பொருளைத் திருமந்திரம் ‘பரிசனவேதி’ என்கிறது. இன்றைய ‘வேதியியல்’ என்ற சொல்லிலும் அதே வேர்தான் இருக்கிறது. வேதைக்கலன், வேதையூர்தி, வேதைநீர் என்று அது தடையின்றிப் புணர்கிறது. ‘வேதித்தான்’, ‘வேதித்த செம்பு’ என்று வினையும் எச்சமும் எளிதாக அமைகின்றன. வினையாக முடியாத பெயர்ச்சொல்லைக் கற்பனை உலகின் நடுவில் வைக்காதீர்கள்; நூறு பக்கங்களுக்குப் பிறகு அதனோடு ‘செய்தல்’ என்ற துணைவினையை ஒட்டி ஒட்டியே களைத்துப் போவீர்கள்.

மறுமொழி: புடக்காரர்

முன்னவர் சொன்னது இலக்கண வழி. நான் பட்டறை வழியைச் சொல்கிறேன். என் தாத்தா சித்த மருத்துவர். மருந்து முடிக்கும் நாள்களில் சீலைமண் பூசும் வேலை சிறுவயதில் எனக்குத்தான் வரும். மருந்துச் சரக்கை ஓர் அகலில் வைத்து, இன்னோர் அகலால் வாயோடு வாய் மூடி, குழைத்த களிமண்ணில் தோய்த்த துணியால் சுற்றுவோம். ஒரு சுற்று காய்ந்த பிறகுதான் அடுத்த சுற்று. ‘ஏழு சீலைமண் செய்து’ என்று சுவடிகளில் வருவது அதைத்தான். ஏதாவது ஒரு சுற்றில் அவசரப்பட்டால் நெருப்பில் மண் வெடிக்கும். உள்ளிருக்கும் பாதரசம் 357 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அகலைத் திறந்தால் வெறும் சாம்பல்தான் இருக்கும். அந்த ஆவி நஞ்சு என்பதால், வெடிப்பு கண்ணில் பட்டால் எங்களை முதலில் வெளியே அனுப்பிவிடுவார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு வேண்டிய சொற்கள் இந்த வேலைக்குள்ளேயே கிடக்கின்றன. உலோகத்தை உருக்கும் கிண்ணத்துக்கு மூசை என்றும் குகை என்றும் பெயர். அரைக்கும் கல்லுக்குக் கல்வம். ஆவியைக் குளிர்வித்து வடிக்கும் கருவிக்கு வாலை. இலிங்கம் என்ற சிவந்த பாதரசத் தாதுவைச் சூடாக்கி, அதிலிருந்து பிரித்தெடுக்கும் பாதரசத்துக்கு வாலைரசம் என்றே பெயர். சாம்பல்போல் முடிவது பற்பம், சிவந்து முடிவது செந்தூரம். நெருப்புக்கும் தரங்கள் உண்டு: விளக்குச் சுடர் அளவில் எரிவது தீபாக்கினி, தாமரை அளவில் எழுவது கமலாக்கினி, கட்டுக்கடங்காமல் எரிவது காடாக்கினி. உங்கள் வண்டியோட்டிக்கு வேகத்தின் படிகளாக இவற்றைக் கொடுங்கள். பல தலைமுறைகள் பேசிப் பேசித் தேய்ந்த பிறகு அக்கினி உதிர்ந்து தீபம், கமலம், காடு என்று நின்றுவிடும். ‘கமலத்திலேயே போ, பாலம் தாண்டிக் காட்டுக்கு ஏற்று’ என்று ஒருவன் சொன்னால் எந்த வாசகருக்கும் அகராதி தேவைப்படாது.

அளவைகளும் இங்கேயே இருக்கின்றன. சீலைமண் பூசிய அகலை வறட்டி அடுக்கிச் சுடுவதுதான் புடம். அதில் சிறியது காடைப்புடம். அடுத்தது கவுதாரி, பிறகு கோழி, பன்றியைக் குறிக்கும் வராகபுடம், பெரியது யானையளவான கஜபுடம். நாம் இன்றும் எந்திரங்களின் திறனைக் குதிரைத்திறன் என்று அளக்கும்போது, உங்கள் நகரத்தின் தெருவிளக்கு கோழிப்புடத்திலும் நீரேற்று நிலையம் கஜபுடத்திலும் இயங்குவதில் என்ன தடை? எரிபொருளின் தூய்மைக்கு ‘மாற்று’ இருக்கிறது. பத்தரைமாற்றுத் தங்கம் என்பதை அறியாத தமிழர் இல்லை. எட்டுமாற்றுச் சரக்கை ஊற்றி ஏமாற்றும் வணிகன் ஒருவனை உங்கள் கதையில் இப்போதே பார்க்க முடிகிறது.

இவற்றின் மேல் நீங்கள் புதிதாகக் கட்டலாம். கலன் வெடித்தால் ‘சீலை விட்டுவிட்டது’ என்று அவர்கள் சொல்லட்டும்; பிறகு மறைபொருள் ஒன்று வெளியே கசிந்தாலும் அதையே சொல்லட்டும். தொழிற்சொல் ஒன்று மரபுத்தொடராக மாறும் அந்த இடத்தில்தான் உலகம் உயிர் பெறுகிறது. பறக்கும் கலத்துக்கு நீங்கள் தனியாகச் சொல் தேட வேண்டாம்; வாயில் அடக்கிக்கொண்டால் வானில் செல்லலாம் என்று நம்பப்பட்ட கெவுனக்குளிகை ஏற்கெனவே இருக்கிறது. கலத்தையே ‘கெவுனம்’ என்று அழைத்துவிடுங்கள்.

மறுமொழி: வாய்விட்டு வாசிப்பவர்

மேலே உள்ள இரண்டும் அருமையான மறுமொழிகள். ஆனாலும் ஒரு கவலை உண்டு. இவற்றை ஒரே அத்தியாயத்தில் கொட்டினால் வாசகர் மூச்சுத் திணறுவார். ஒரு பக்கத்துக்கு ஒரு புதுச்சொல் போதும். அந்தச் சொல் குறிக்கும் பொருள் அந்தப் பக்கத்தில் எதையாவது செய்தாக வேண்டும். அடைப்புக்குறிக்குள் பொருள் தராதீர்கள். சொல்லை மூன்று மாந்தர்களின் வாயில் வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள். சினத்தில் ஒருவர் அதைக் கத்த முடியவில்லை என்றால் அது நிலைக்காது. ‘வேதை’ எனக்கு அந்தச் சோதனையில் தேறவில்லை. எழுத்தில் அழகாக இருக்கிறது. வாயில் ‘வேதனை’யின் பாதியாக நின்றுவிடுகிறது.

மறுமொழி: பழம்பெயர்

‘வேதை’யைத் தூக்கி எறிய வேண்டாம், அதற்குரிய இடம் வேறு என்றுதான் நினைக்கிறேன். உண்மையான வேதியியல் வரலாற்றைப் பாருங்கள். 1787-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியேயும் அவருடைய தோழர்களான கிட்டோன் த மோர்வோ, பெர்த்தொலே, ஃபூர்குரோவா ஆகியோரும் சேர்ந்து பாரிசில் புதிய பெயர்முறை ஒன்றை வெளியிட்டார்கள். அதுவரை துத்தநாகப் பூ, ஆன்டிமனி வெண்ணெய், விட்ரியால் எண்ணெய் என்றெல்லாம் வழங்கிய பெயர்கள் கண்ணும் கையும் வைத்தவை. உண்மையில் அங்கே பூவும் இல்லை, வெண்ணெயும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஒரு பொருள் எவற்றால் ஆனதோ அதைப் பெயரே சொல்ல வேண்டும் என்பது புதிய முறையின் கொள்கை. விட்ரியால் எண்ணெய் அப்படித்தான் கந்தக அமிலமாயிற்று.

உங்கள் உலகிலும் இப்படி ஒரு மோதல் நடந்துகொண்டிருக்கட்டும். உலைக்கூடத்தில் வேலை செய்பவர்கள் புடக்காரர் காட்டிய சொற்களைப் பேசுவார்கள். கல்விக்கழகமும் வரி அலுவலகமும் ‘வேதைக்கலன் வகை நான்கு’ என்று எழுதும். உங்கள் முதல் வரைவின் சுற்றறிக்கை நடைக்குக்கூட அப்போது உரிய இடம் கிடைத்துவிடும். இவ்விரண்டுக்கும் கீழே இன்னோர் அடுக்கும் உண்டு. சித்தர்கள் பரிபாஷை என்ற மறைமொழியில் எழுதினார்கள். முப்பு, வழலை, அண்டம் என்று அவர்கள் எழுதியவை எந்தப் பொருளைக் குறிக்கின்றன என்று இன்றளவும் விவாதம் ஓயவில்லை. ஒரே சொல்லைத் தொழிலாளி ஒரு பொருளிலும், குரு இன்னொரு பொருளிலும், அதிகாரி மூன்றாவது பொருளிலும் புரிந்துகொள்வது உங்கள் கதைக்கே முடிச்சாக அமையலாம்.

தமிழுக்கு இது புதிதும் அல்ல. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கு வகைச் சொற்களுக்கும் தொல்காப்பியம் செய்யுளில் இடம் கொடுத்திருக்கிறது. உங்கள் துறைமுக நகரத்தில் திசைச்சொல் ஒன்றுகூட இல்லையென்றால் அங்கே கப்பலே வருவதில்லை என்று பொருள். ‘ஸோரியம்’ போன்ற ஒலிகளை முற்றிலும் அழித்துவிடாமல், அயல்நாட்டு வணிகர் கொண்டுவரும் ஒரே ஒரு சரக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நகரத்து மக்கள் அதைச் ‘சோரியம்’ என்று தங்கள் நாவுக்கேற்ப மாற்றிவிட்டிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: நெடுங்கதையாளர்

உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மூன்று நாள்கள் குறிப்பேட்டோடு உட்கார்ந்து, நூற்று நாற்பதில் நூற்றுப் பதினெட்டுச் சொற்களை அடித்துவிட்டேன். ‘வேதை’ அலுவலகத் தாள்களுக்கு மட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். இரசவாதம் என்ற சொல் நாவலில் இனி எங்குமே வராது. அந்த உலகத்தில் இருப்பவர்களுக்கு அது தேவைப்படவில்லை. சுற்றறிக்கை போல் இருந்த வரி இப்போது இப்படி இருக்கிறது:

“அந்தி சாய்ந்ததும் தெருமுனைக் கூண்டில் ஏறிக் கோழிப்புடத்தைத் திறந்து பார்த்தாள். மேல்சீலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஈரமண்ணை விரலால் வழித்துத் தடவினாள். சூட்டில் அது சுருங்கும் ஓசை கேட்டது. ‘இன்றிரவு கமலம் வேண்டாம், தீபத்திலேயே விடு’ என்று கீழே நின்ற சிறுவனிடம் சொல்லிவிட்டு அடுத்த கூண்டை நோக்கி நடந்தாள்.”

மறுமொழி: புடக்காரர்

படித்து முடித்ததும் தாத்தாவின் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது. ஒரே ஒரு பிழையைத் திருத்த அனுமதியுங்கள். சூடான கலத்தின் மேல் ஈரமண் பிடிக்காது. காய்வதற்கு முன்பே உதிர்ந்துவிடும், சில நேரம் அகலே விரிந்துவிடும். அவள் முதலில் நெருப்பை விலக்கிக் கலத்தை ஆறவிட வேண்டும். ‘ஆறவிட்டு எடுக்கவும்’ என்பது சுவடிகளில் ஏறத்தாழ எல்லா மருந்துக்கும் வரும் வரி. அப்படியானால் ஒவ்வோர் இரவும் ஏதாவதொரு தெரு சிறிது நேரம் இருளில்தான் கிடக்கும். அந்த நேரத்துக்கு உங்கள் நகரத்தில் ஒரு பெயர் இருந்தாக வேண்டும். ‘ஆறல்’ என்று வைத்துப் பாருங்கள். உங்கள் நாவலின் திருட்டும் காதலும் அந்த ஆறல் பொழுதில் நடக்கட்டும்.