கூட்டு நிறுவனமா, ஒப்பந்தக் கூட்டணியா?

கேள்வி:
ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் எங்கள் சிறு தொழிற்சாலையுடன் இணைய வெளிநாட்டு நிறுவனம் ஒன்று முன்வந்துள்ளது. போட்டியாளர்கள், புதிதாக நுழைபவர்கள், மாற்றுப் பொருட்கள், வாங்குபவர்கள், வழங்குபவர்கள் ஆகியோரின் அழுத்தத்தைக் கணக்கிடும் போர்ட்டரின் ஐந்து விசைகளை வைத்துப் போட்டியை அளந்து பார்த்தேன். கூட்டாளியை எப்படி அளப்பது என்பதற்கு அதில் விடை கிடைக்கவில்லை. பங்கு முதலீட்டுடன் கூட்டு நிறுவனம் தொடங்குவதா, ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்வதா?

முதல் பதில்:
ஹீரோ ஹோண்டாவைப் பாருங்கள். 1984இல் உருவான அந்த நிறுவனத்தில் இரு தரப்பும் தலா 26 விழுக்காடு பங்கு வைத்திருந்தன. எஞ்சின் நுட்பம் ஹோண்டாவிடமும், உள்நாட்டுச் சந்தை அறிவும் விற்பனையாளர் வலையமைப்பும் ஹீரோவிடமும் இருந்தன. 1999இல் ஹோண்டா இங்கே தனக்கென்று ஒரு துணை நிறுவனத்தை நிறுவியபோதே கூட்டாளி போட்டியாளராகிவிட்டார். 2010 டிசம்பரில் பிரிவு அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் பதில்:
அதற்கு மாற்றான உதாரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சுசுகியுடனான கூட்டை 2001இல் முடித்துக்கொண்ட டிவிஎஸ், 2013இல் பிஎம்டபிள்யூவுடன் 500 சிசிக்குக் குறைந்த வண்டிகளை இணைந்து உருவாக்க ஒப்பந்தம் மட்டுமே செய்துகொண்டது. பிஎம்டபிள்யூவின் ஜி 310 ஆர், டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்ஆர் 310 ஆகிய இரண்டு பைக்குகளும் அதிலிருந்து பிறந்தவைதாம்.

கேட்டவர்:
நன்றி. பாகங்களுக்கு வடிவம் தரும் அச்சுகளும் வரைபடங்களும் யாருக்குச் சொந்தம் என்பது அவர்கள் அனுப்பிய ஒப்பந்த வரைவில் எங்குமே இல்லை.

இரண்டாம் பதில்:
அப்படியானால் பங்கு விகிதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த உரிமையைச் சொல்லும் விதியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.