சரிவில் விரிக்கும் நார்ப்பாய்: கலைச்சொல் வேண்டும்

தருமபுரி:
வணக்கம். சாலைச் சரிவில் வேலை செய்வோருக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தொப்பூர்க் கணவாய் போன்ற இடங்களில் மண் வெட்டிய சரிவின்மேல், புல் பிடிக்கும்வரை மழையில் மண் கரையாமலிருக்க உருளையாக வரும் நார்வலையை விரித்து ஆணி அடிக்கிறோமே, அதற்கு ஒரு சொல் தேவை. வரைவில் "அரிப்புத் தடுப்புப் பாய்" என்றிருக்கிறது. "அரிப்பு" என்றதும் பலருக்குத் தோல்நோய்தான் நினைவுக்கு வருகிறது.

அரூர்:
"நிலப்போர்வை" என்று வையுங்கள். கேட்டதும் விளங்கும்.

ஓசூர்:
வேண்டாம் ஐயா. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக்கு விரிக்கும் மல்ச்சிங் ஷீட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது நீர் புகாத பிளாஸ்டிக். அதைச் சரிவில் விரித்தால் மழைநீர் முழுதும் வழிந்து அடிவாரத்தைக் குடையும், புல்லும் முளைக்காது. நம்முடைய பாய் கண்விட்டு நெய்தது. துளியின் அடியைத் தான் வாங்கி, ஓடும் நீரை மட்டுப்படுத்தி, மண்ணுக்குள் இறங்க விடும். "சரிவுக் காப்பு" என்றும் எழுதாதீர்கள். மேல்மண் கரைவதை மட்டுமே இது தடுக்கும். சரிவு உள்ளிருந்தே பெயர்ந்தால் எந்தப் பாயும் நிறுத்தாது. அதற்குத் தாங்குசுவரும் வடிகாலும் வேண்டும்.

அரூர்:
அப்படியானால் அரசுப் பெயரையே எடுத்துக்கொள்ளலாமே? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2008ஆம் ஆண்டு ஐ.எஸ். 15869 நியமத்தில், கண்விட்டு நெய்த தென்னைநார்த் துணிக்கு "பூவஸ்திரா" என்றே பெயர்.

ஊத்தங்கரை:
வடமொழியில் "பூ" மண். தமிழில் எழுதினால் மலராடை ஆகிவிடும்! நம்மிடமே சொல் இருக்கிறது. பாய், பாவு, பாவுதல், பரவுதல் எல்லாம் விரிதற்பொருளில் ஒரே வேரின் கிளைகள் என்பது என் துணிபு. நெசவில் நெடுக்கிழை பாவு. கப்பலில் காற்றுக்கு விரிவது பாய். ஆகவே "பாய்" என்ற சொல்லுக்குள்ளேயே நெசவும் விரிப்பும் அடங்கிவிட்டன. முன்னால் "மண்காப்பு" சேர்த்தால் போதும்.

பாலக்கோடு:
ஊத்தங்கரை ஐயா, "மண்காப்புப் பாய்" பேச்சில் தேய்ந்து "மண்காப்பாய்" ஆகும். அது முன்னிலை வினைமுற்று. "அரிபாய்" என்று சுருக்கினாலோ வினைத்தொகை. மண்ணை அரிக்கும் பாய் என்று பொருள் தலைகீழாகும். அரிப்பில் குழப்பம் என்றால் மண்ணைச் சேர்த்தே எழுதுங்கள். தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும், "மண்ணரிப்பு". பள்ளிப் பாடத்தில் பிள்ளைகள் படித்த சொல்தான், தோல்நோய் நினைவும் வராது.

தருமபுரி:
கையேட்டில் அந்தச் சொல் வரும் பத்தியை ஓசூர்ப் பொறியாளர் எழுதித் தந்தால் பொருத்திப் பார்க்கலாம்.

ஓசூர்:
முதலில் சரிவைச் சீராக்கி, கல், வேர், மண்கட்டி அகற்றி, ஓடை விழுந்த இடங்களை மண்ணிட்டு இறுக்கவேண்டும். விதையும் எருவும் பாய்க்கு முன்பே போட்டுவிட வேண்டும். உச்சியில் 30 செ.மீ. ஆழ அகலத்தில் பள்ளம் எடுத்து, பாயின் தலைப்பை உள்ளே மடக்கி ஆணியடித்து, மண் தள்ளித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குங்கள். பிறகு நீர் ஓடும் திசையிலேயே மேலிருந்து கீழே உருட்டுங்கள். பக்கத்துப் பாயின் ஓரத்தின்மேல் 15 செ.மீ. ஏறிப் படியட்டும். ஒரு சுருள் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மேல்பாய் கீழ்ப்பாயின்மேல் ஏறவேண்டும், ஓடு வேய்வதுபோல. மாறிவிட்டால் நீர் இடுக்கில் நுழைந்து பாய்க்கு அடியில் ஓடும். வளைத்த கம்பி ஆணி மீட்டருக்கு ஒன்று, செங்குத்தான இடத்தில் இன்னும் நெருக்கமாக.

அதிகம் நடக்கும் தவறு, விறைப்பாக இழுத்துக் கட்டுவது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பள்ளங்களில் பாய் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். நீர் அடியில் ஓடி ஓடை வெட்டும். மேலே பாய் கலையாமல் இருக்க, கீழே மண் போய்க்கொண்டே இருக்கும்.

ஊத்தங்கரை:
இதைப் படித்தபின் என் முன்மொழிவை மாற்றுகிறேன்: "மண்தழுவி". மண்ணைத் தழுவிக் கிடக்கவேண்டும் என்ற வேலைக்குறிப்பு பெயரிலேயே இருக்கிறது. தடுப்பு, காப்பு என்றால் தொழிலாளி இறுக்கித்தான் கட்டுவார்.

அரூர்:
நல்ல சொல், ஆனால் கடையில் கேட்டால் யாருக்கும் புரியாது. "தென்னைநார்ப் பாய்" என்றால் கொடுப்பார்கள்.

ஓசூர்:
சணலிலும் உண்டு, வைக்கோலிலும் உண்டு. தென்னைநார் 2, 3 ஆண்டு தாங்கும். சணல் அதற்கு முன்பே மட்கிவிடும். சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்று தென்னைநாரிலேயே தரம் பிரிகிறது. பொதுப்பெயரில் நாரைக் கொண்டுவந்தால் வாங்குவதில் பிழை வரும்.

பாலக்கோடு:
தலைப்பில் "மண்ணரிப்புத் தடுப்புப் பாய்", உள்ளே வெறும் "பாய்", வாங்கும் பட்டியலில் நாரின் பெயரும் எடையும். என் வாக்கு இதற்கு.

அரூர்:
சரி, நீளம்தான். ஏற்கிறேன்.

தருமபுரி:
அப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன். ஆணியடிக்கும் பத்தியில் "இழுத்துக் கட்டாதீர்கள், மண்ணைத் தழுவட்டும்" என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஊத்தங்கரை:
வரியைச் சேர்த்ததற்கு நன்றி. பெயரில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. அந்தப் பக்கத்தைப் படிக்காதவர் கைக்கும் சொல் போய்ச்சேரும். அடுத்த பதிப்புக்கு "மண்தழுவி"யை மறுபடி முன்வைப்பேன்.