மதுக்கூடத்தோடு கூடிய உணவகத்தில் சீருடையில் சாப்பிடலாமா? விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை துணை விமானியாகப் பணிபுரிகிறாள். அண்மையில் மீனம்பாக்கத்தில் பணி முடிந்து திரும்பும்போது, பசி தாங்காமல் ஜி.எஸ்.டி. சாலையில் மதுக்கூடத்தோடு கூடிய ஓர் உணவகத்தில் சீருடையிலேயே சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். அவள் கேட்டது எலுமிச்சைச் சாறுதான். அது ஒயின் ஊற்றும் நீண்ட காம்புக் கோப்பையில் வந்ததால், பக்கத்து மேசைக்காரர் எடுத்த படம் "இவர்களை நம்பியா விமானம் ஏறுகிறோம்" என்ற வரியோடு வாட்ஸப்பில் சுற்றுகிறது.

விமானம் புறப்படுவதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது அருந்தக் கூடாது என்பதும், பணிக்கு முந்தைய மூச்சுப் பரிசோதனையில் பிடிபட்டால் முதல் முறை உரிமம் 3 மாதமும் இரண்டாம் முறை 3 ஆண்டும் முடக்கப்பட்டு, மூன்றாம் முறை ரத்தாகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைக்கூடத் தவிர்ப்பவள் அவள். பயணிகளின் அச்சம் நியாயமானதே; ஆனால் விசாரிக்காமல் ஒரு பெண்ணின் படத்தைப் பரப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் நிறுவனங்களின் சீருடை விதிகள் இத்தகைய இடங்களை முற்றிலும் தடுக்கின்றனவா, அல்லது தோளில் அணியும் பதவிப் பட்டைகளைக் கழற்றி மேலே வேறு சட்டை அணிந்தால் போதுமா? நிறுவனம் கேட்கும் முன்பே, உணவகப் பில்லை இணைத்து அவளே எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லதா? படத்தை நீக்கச் சைபர் கிரைம் பிரிவில் புகார் அளித்த அனுபவம் உள்ளவர்களும் வழிமுறையைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.